ஒன்பது வருடம் பிந்தி வந்த வெள்ளி



மருதமுனையில் தையல் வகுப்பு நடக்கும் ஒரு வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். பத்து மணித் தேநீருக்காக மெஷின்கள் ஓய்ந்திருந்த நேரம். ஏழாம் ஆண்டில் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளை இரண்டு கொப்பிகளைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். ஒன்று அவளுடைய பொது அறிவுக் கொப்பி. மற்றது அவளுடைய உம்மா பாடசாலைக் காலத்தில் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

"உம்மா, உங்கட கொப்பியில சுசந்திகாவுக்கு வெண்கலப் பதக்கம் எண்டு இரிக்கி. எங்களுக்கு ரீச்சர் வெள்ளி எண்டு தந்திரிக்காங்க. ஆர்ட சரி?"

"ரெண்டும் சரிதான் மகள்" என்றார் உம்மா.

பிள்ளைக்கு அது விளங்கவில்லை. அங்கிருந்த சகோதரிகளில் பாதிப் பேருக்கும் விளங்கவில்லை. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு பதக்கம் எப்படிக் கிடைக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து எழுந்த விவாதம் தேநீர் ஆறிய பிறகும் முடியவில்லை. ஒரு விளையாட்டு வீராங்கனையின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றிய அந்தப் பேச்சு நம்மைப் பற்றிய பேச்சாகவும் மாறியதால் இங்கே எழுதுகின்றேன்.

நாம் பார்க்காத ஓட்டம்

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தை நம் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிட்னி ஒலிம்பிக் விழா 15ஆம் திகதி ஆரம்பமானது. மறுநாள் 16ஆம் திகதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் மரணமானார். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை எங்கும் ஒரே துக்கம். யார் வீட்டில் ஒலிம்பிக் பார்த்தார்கள்?

அந்தத் துயரத்தின் பன்னிரண்டாம் நாள், செப்டெம்பர் 28ஆம் திகதி, அதே கேகாலை மாவட்டத்தில் வரக்காபொலைக்கு அருகில் உள்ள உடுவக்க என்ற கிராமத்தில் பிறந்த ஓர் ஏழைப் பெண், சிட்னியில் 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் நின்றார். சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948இல் லண்டனில் டங்கன் வைற் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்றதன் பின்னர், 52 வருடங்கள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த பதக்கம் அது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இலங்கைப் பெண்ணும் அவரே.

அவருக்குச் சற்று முன்னால், 22.27 செக்கனில், பஹாமஸ் நாட்டின் போலின் டேவிஸ்-தொம்சன் வந்தார். இருவருக்கும் முன்னால், 21.84 செக்கனில், அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் வந்தார்.

மரியனும் சுசந்திகாவும் ஒரே வயதினர். ஒருவர் 1975 ஒக்டோபரிலும் மற்றவர் அதே வருடம் டிசெம்பரிலும் பிறந்தவர்கள். சிட்னிக்குப் போகும் முன்னரே "ஐந்து தங்கம் வெல்வேன்" என்று மரியன் உலகத்துக்கு அறிவித்திருந்தார். மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமும் வென்று திரும்பினார். சஞ்சிகைகளின் அட்டைகளில் அவருடைய சிரித்த முகம். சிறுமிகளுக்கெல்லாம் அவர்தான் முன்மாதிரி.

ஒரு பொய்யின் ஆயுள்

அந்தச் சிட்னி விழா நடந்துகொண்டிருந்தபோதே மரியனின் கணவர், குண்டு எறிதல் வீரர் சீ.ஜே. ஹன்ரர், ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியிருந்த செய்தி வெளியானது. மரியன் கணவருக்குப் பக்கத்தில் நின்றார். தன்னைப் பற்றி எவரும் சந்தேகப்படவே இடமில்லை என்பது போல் நடந்துகொண்டார். அந்த விழாவில் அவர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

சிக்காததற்குக் காரணம் இருந்தது. கலிபோர்னியாவில் பல்கோ என்ற ஒரு நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்கு வழங்கிய ஒருவகை மருந்தை அக்காலப் பரிசோதனைகளால் கண்டுபிடிக்க முடியாது. 2003இல் ஒரு பயிற்றுநர், அந்த மருந்து இருந்த ஊசிக்குழாய் ஒன்றை ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அதன் பின்னரே விஞ்ஞானிகள் அதை இனங்காணும் வழியைக் கண்டுபிடித்தனர். அதே வருடம் விசாரணை அதிகாரிகள் மரியனிடம் கேட்டபோது, தனக்கு எதுவும் தெரியாது என்றார். தன்மீது குற்றம் சாட்டியவருக்கு எதிராக 2004இல் வழக்கும் போட்டார்.

ஏழு வருடங்கள் அந்தப் பொய் உயிரோடு இருந்தது. 2007 ஒக்டோபர் 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் ஒரு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வாசலில் மைக்குகளுக்கு முன்னால் நின்று அழுதபடி மன்னிப்புக் கேட்டார் மரியன். மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்துவிட்டதாகத் தன் வாயாலேயே சொன்னார். 2000 செப்டெம்பர் முதல் 2001 ஜூலை வரை அந்த மருந்தைப் பாவித்ததை ஏற்றுக்கொண்டார். அது ஒரு சத்துணவு எண்ணெய் என்றே பயிற்றுநர் தந்ததாக அப்போது நினைத்தேன் என்பது அவருடைய விளக்கம்.

டிசெம்பரில் ஒலிம்பிக் குழு ஐந்து பதக்கங்களையும் பறித்தது. 2008 ஜனவரியில் அதிகாரிகளிடம் பொய் சொன்ன குற்றத்துக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். இளையது இன்னும் ஒரு வயதும் ஆகாத குழந்தை. பிள்ளைகளைவிட்டுப் பிரிக்க வேண்டாம் என்று நீதிபதியிடம் மன்றாடியும் அவர் சிறை செல்ல வேண்டியேற்பட்டது.

தேநீர் நேரத்து விவாதம்

இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் தையல் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"அந்தப் பொம்புள மருந்து எடுக்காட்டியும் வெண்டிருப்பா. எவ்வளவு தூரம் முன்னுக்கு வந்திருக்கா, பாருங்க" என்றார் ஓர் இளம் சகோதரி.

"களவு களவுதான். எடுத்தது கொஞ்சமா கூடவா எண்டு என்ன கணக்கு?" என்றார் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

முதலாமவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கின்றது. 1997இலேயே ஏதென்ஸ் நகரில் 100 மீற்றரில் உலகச் சம்பியனானவர் மரியன். திறமை இல்லாதவர் அல்லர். ஆனால் அவருடைய பொய் அந்தத் திறமையையும் அல்லவா சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டது! எது அவருடைய கால்களின் வேகம், எது மருந்தின் வேகம் என்று இனி எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

"பாவம், ஆறு மாசம் மறியல்ல இருந்திட்டாதானே. புள்ளைகள உட்டுட்டு இருந்தவட மனசு எப்பிடி இருந்திருக்கும்? இனியும் ஏசணுமா?" என்றார் மூத்த ராத்தா ஒருவர்.

இதற்கு எல்லோரும் கொஞ்சம் அமைதியானார்கள். ஒரு தாயின் மேல் இரக்கப்படுவது வேறு, பதக்கம் யாருக்குரியது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் நீதி கெட்டுவிடும். மரியனுக்காக நாம் அழலாம். ஆனால் அவருக்குப் பக்கத்துக் கோட்டில் ஓடியவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டுத்தான் அழவேண்டும்.

அதைக் கொடுக்க இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. 2009 டிசெம்பர் 9ஆம் திகதி, 200 மீற்றர் தங்கத்தைப் போலின் டேவிஸ்-தொம்சனுக்கும் வெள்ளியைச் சுசந்திகாவுக்கும் வழங்க ஒலிம்பிக் குழு தீர்மானித்தது. 100 மீற்றர் தங்கம் மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அதில் இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை, 2004இல் பரிசோதனைக்குச் சமுகமளிக்காமல் பெரும் சர்ச்சையில் சிக்கியவர். அந்தத் தங்கத்தின் இடம் வெறுமையாகவே விடப்பட்டது. மரியனோடு அஞ்சலோட்டம் ஓடிய தோழிகளும் பதக்கங்களை இழந்தார்கள். 2010இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அவை அவர்களுக்கு மீண்டன. ஒருவர் சொன்ன பொய்யை எத்தனை பேர் சுமந்தார்கள் பாருங்கள்!

சுசந்திகாவுக்கு வெள்ளி கிடைத்தது. ஆனால் சிட்னியில் நிறைந்திருந்த அந்த அரங்கம், வெள்ளிக்குரிய படியில் ஏறி நிற்கும் அந்த நிமிடம், அந்த நேரத்துச் சந்தோசம், இவற்றை எந்தக் குழுவாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. சாவுச் சான்றிதழுக்கும் நட்டஈட்டுக்கும் வருடக் கணக்கில் அலைந்த நம் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிந்தி வரும் நீதியும் நீதிதான். ஆனால் பிந்திய வருடங்களை அது கொண்டு வருவதில்லை.

"நெருப்பில்லாமல் புகையுமா?"

"ஏன், சுசந்திகாவையும் மருந்து எடுத்த எண்டு ஒருக்காச் சொன்னாங்கதானே?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

சொன்னார்கள். 1997 ஏதென்ஸ் உலகச் சம்பியன் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்று அவர் நாடு திரும்பிய மறுவருடம், 1998இல், அவர் ஊக்கமருந்து பாவித்ததாகப் பரிசோதனை முடிவொன்று வந்தது. அவர் மறுத்தார். விசாரணைகளின் பின் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். விளையாட்டுத்துறையில் அதிகாரத்தில் இருந்த ஒருவரின் தகாத விருப்பத்துக்கு இணங்க மறுத்ததாலேயே தான் பழிவாங்கப்பட்டதாக அவர் பகிரங்கமாகவே கூறினார். 1990களில் ஒரு கிராமத்துப் பெண் இப்படி வாய் திறந்து சொல்வது எவ்வளவு பெரிய காரியம்!

விடுவிக்கப்பட்ட பின்னும் பேச்சு ஓயவில்லை. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று ஒரு பழமொழி நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கின்றதே! அவரை வாய்க்காரி என்றார்கள். 2017இல் தனக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டதாகக் கூறி, பதக்கத்தை விற்கப்போவதாக அவர் அறிவித்தபோதும் நாடு இரண்டுபட்டது. அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவருடைய ஓட்டத்தைப் பாருங்கள். 2007 ஓகஸ்ட் இறுதியில், 31 வயதில், ஒசாகா உலகச் சம்பியன் போட்டியில் அதே 200 மீற்றரில் மீண்டும் வெண்கலம் வென்றார். மரியன் குற்றத்தை ஒப்புக்கொண்டது அதற்குச் சில கிழமைகளின் பின்னர்தான்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சகோதரிகளே. உலகமே கொண்டாடியவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சந்தேகப்பட்டவர் விசாரணையில் விடுவிக்கப்பட்டார். புகழ் ஒருவரின் உண்மைக்குச் சாட்சி அல்ல. ஊர்ப் பேச்சு ஒருவரின் குற்றத்துக்கும் சாட்சி அல்ல.

ராத்தா சொன்னது

இவ்வளவு நேரமும் மரியனுக்காக இரக்கப்பட்ட அந்த மூத்த ராத்தா, 1990ஆம் ஆண்டு வன்செயலில் கணவனை இழந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்க்க அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவர். அவர் மெதுவாகச் சொன்னார்:

"நான் வேலைக்குப் போய் வரக்குள்ள என்னப் பத்தியும் கதைச்சாங்க புள்ள. இருட்டின பொறகு வாறா எண்டாங்க. ஆலையில வேல முடியவே இருட்டிரும். பொறகு என்ட புள்ளைகள் படிச்சு ஆளானதும் அந்தக் கதை நிண்டுட்டு. கதைச்ச ஆக்கள் எல்லாரும் இப்ப கலியாணத்துக்கு என்னக் கூப்பிடுறாங்க. ஆனா ஒருத்தராவது வந்து, 'நாங்க கதைச்சது பிழை ராத்தா' எண்டு சொல்லல்ல. அந்த அமெரிக்காக்காரி அவட பிழைய ஆக்களுக்கு முன்னால நிண்டு சொன்னாவே. அதுக்குத்தான் நான் அவவ ஏச வேணாம் எண்ட."

அதன் பிறகு அங்கே விவாதம் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தமது மெஷினுக்குப் போனார்கள்.

மரியன் ஜோன்ஸ் சிறையிலிருந்து 2008 செப்டெம்பரில் வெளியே வந்தார். 2010இல் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் மீண்டும் விளையாடினார். தன் கதையைப் புத்தகமாக எழுதினார். தான் செய்த பிழையை இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினார். பதக்கங்கள் திரும்பி வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் பொய்யைச் சுமக்காமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் வாழ்க்கை அவருக்குக் கிடைத்தது.

நான் புறப்படும்போது பிள்ளை தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்: "2000இல் வெண்கலம். 2009இல் வெள்ளியாக மாற்றப்பட்டது." உம்மாவின் பழைய கொப்பியில் இருந்ததை அழிக்கட்டுமா என்று கேட்டாள். "வேணாம், அது அப்பிடியே இரிக்கட்டும். பக்கத்தில புதுசா எழுதி உடு" என்றார் உம்மா.

சகோதரிகளே, நம் ஒவ்வொருவரின் மனதிலும் இப்படி ஒரு பழைய கொப்பி இருக்கின்றது. அயல் வீட்டுப் பெண்ணைப் பற்றி, தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியைப் பற்றி, எப்போதோ கேட்டு எழுதிவைத்த வரிகள் அதில் இருக்கும். விசாரித்துப் பார்க்காமல் எழுதியவையும் இருக்கும். திருத்த வேண்டியது இருந்தால் இன்றே திருத்துவோம். அவளிடம் நேரில் போய்ச் சொல்லியும் விடுவோம். ஒன்பது வருடம் காத்திருக்க வைக்க வேண்டாம்.