இலங்கைத் தீவில் எண்ணெய் உண்டா?

2022ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் பெட்ரோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். அச்செய்தியைப் படித்துவிட்டு, அம்மா மண்டபப் படியில் அமர்ந்திருந்த என் தாத்தா கேட்டார்: "ஏண்டா, நிலவியல் படிக்கிறாயே, அந்தத் தீவில் எண்ணெயே கிடையாதா? நம் திருவரங்கமும் தீவுதானே, இங்கே உண்டா?" கேள்வி எளியது, விடை அத்துணை எளிதன்று.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, பஞ்சில் ஊறிய நீரைப்போல், பாறையின் நுண்துளைகளில் நிறைந்திருக்கிறது. அதற்கு நான்கு தேவைகள் உண்டு. முதலாவது, மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றுடன் படிந்து உண்டான மூலப்பாறை. இரண்டாவது, அது ஆழப் புதைந்து பெறும் வெப்பம். ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸில் எண்ணெய் உருவாகும். வெப்பம் மிகுந்தால் எரிவாயுவே மிஞ்சும். மூன்றாவது, மணற்கல் போன்ற தேக்கப்பாறை. நான்காவது, எண்ணெய் மேலேறித் தப்பாமல் காக்கும் மூடுபாறையும், கவிழ்த்த கிண்ணம் போன்ற அமைப்பும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

நம் மலைக்கோட்டை பழமையான கடும்பாறை. திருவரங்கமோ அத்தகைய பாறைமீது காவிரியும் கொள்ளிடமும் சேர்த்த வண்டல். இங்கே மூலப்பாறைக்கு இடமில்லை. இலங்கையின் பெரும்பகுதியும் கடும்பாறையே. ஆனால் அதன் வடக்கிலும் வடமேற்கிலும் நிலைமை வேறு. கோண்டுவானா நிலம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில் கடல் புகுந்து படிவுகள் சேர்ந்தன. அரியலூரில் நாம் பொறுக்கும் சிப்பிப் புதைபடிவங்கள் அத்தகைய கடலின் சான்றுகளே. அந்தக் காவிரிப் படுகை பாக் நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் நீள்கிறது. அதற்குத் தெற்கே, கடலடியில் மன்னார்ப் படுகை அமைந்துள்ளது. காவிரிப் படுகையின் நம் கரையில், நரிமணத்தில், எண்ணெய் கிடைத்திருப்பதால் அக்கரையிலும் நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கை வேறு, மதிப்பீடு வேறு. முதலில் செயற்கை அதிர்வலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பாறையடுக்குகளை வரைவர். பின்னரே துளையிடுவர். 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டனர். வணிக அளவில் எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் மன்னார் ஆழ்கடலில் துளையிட்டபோது, 3,000 மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ 25 மீட்டர் கனமுள்ள மணற்கல்லில் எரிவாயு தென்பட்டது. அதே ஆண்டில் மற்றொரு கிணற்றிலும் கிடைத்தது, அடுத்தது வறண்டது. எண்ணெய் விலை சரிந்திருந்த 2015இல் நிறுவனம் விலகிக்கொண்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. பேசாலையின் தோல்வி படுகை முழுவதும் வெறுமை என்று காட்டவில்லை. 2011இன் வெற்றியும் அடுப்பெரிக்கும் வாயுவாக மாறிவிடவில்லை. பாறையில் இருப்பது வளம். செலவுக்குக் கட்டுப்பட்டு வெளியே எடுக்கக்கூடியதே இருப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரு நாடு வரவுசெலவுத் திட்டம் போடலாகாது.

தாத்தாவிடம் நான் சொன்ன விடை இதுதான்: "திருவரங்கத்தில் இல்லை, தாத்தா. மன்னாரில் வாயு உண்டு. வரிசையில் நிற்பவர் கைக்கு அது எட்ட இன்னும் பல படிகள் உண்டு."