கேபரே ஆடப் போறீங்களா? முதல்ல தடுமாறக் கத்துக்கோங்க!

நூம்பலில் எங்கள் தெரு முனை அப்பார்ட்மென்ட்டில் ஆண்டு விழா வருகிறது. அங்கே குடியிருக்கும் தோழி, ‘எண்பதுகளின் சினிமா கேபரே’ ஆடுறேன்னு பெயர் கொடுத்துட்டா. இறகு வெச்ச தலைப்பாகை, மினுமினு பாவாடை எல்லாம் ரெடி. பயம் மட்டும் பாக்கி. “பின்வரிசையில எவனாவது அசிங்கமா விசில் அடிச்சா நான் என்னடி பண்றது?”

நியாயமான பயம். கேபரேன்னா நம்ம நினைவுக்கு வர்றது ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் ஆடின வில்லன் கூடாரம்தான். அங்கே பேசுறது வில்லனும் மாறுவேஷ ஹீரோவும். ஆடுறவங்களுக்கு வசனமே இருக்காது. ஆனால், கேபரே பிறந்ததே பேச்சிலும் கிண்டலிலும்தான். 1881-ல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ரொடோல்ஃப் சாலிஸ் திறந்த ‘லெ ஷா நுவார்’, அதாவது கறுப்புப் பூனை, இந்த வகை அரங்குகளுக்கு முன்னோடி. உள்ளே வருபவர்களை ‘பிரபுவே’ என்கிற ரேஞ்சுக்கு ஓவர் மரியாதை கொடுத்தே கலாய்ப்பாராம் சாலிஸ். உங்களுக்கும் இது உதவும். விசில் வந்தால் முறைக்காதீங்க. ஆட்டத்தை நிறுத்தி, அந்தத் திசை பார்த்து, இடுப்பு வளைய ஒரு ராஜ கும்பிடு. கூட்டத்தின் சிரிப்பு உங்க பக்கம் வந்துடும். அடுத்த விசிலுக்கு அந்த அண்ணனே ஒருமுறை யோசிப்பார்.

இதில் நம்ம ஊர்க்காரங்க கில்லாடிகள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்க. ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக புக் பண்ணுவாங்க. சேர்ந்து ஒத்திகை கிடையாது. கதை ஆரம்பிக்கும் முன்பே பபூனும் நடனப் பெண்ணும் வந்து மேடையைக் கலகலப்பாக்கிவிடுவார்கள். ஆடிக்கொண்டே ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதுவார்கள், அப்புறம் ‘கண்ணு தெரியல?’ ரகத்தில் சண்டை. ஆடும் பெண்ணுக்கு அங்கே வாய் உண்டு, பதிலடி உண்டு. அப்படியும் அந்தப் பெண்களை ஊர் சும்மா விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நாடகங்களை ஆய்வு செய்து 2005-ல் புத்தகமும் எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார். வில்லங்கமான ஜோக்கை பபூன் நேராகக் கூட்டத்திடம் சொல்வதில்லை. மேடையில் இருக்கும் வாத்தியக்காரரிடம் சொல்வார். நாம் ‘ஒட்டுக் கேட்கிறோம்’, அவ்வளவுதான்! உங்க மேடையில் வாத்தியக்காரர் இல்லையா? பாட்டு போடும் பையன் இருக்கானே, அவன்கிட்ட புலம்புங்க.

அடுத்தது உடம்பால் செய்யும் காமெடி. இதைப் படிக்க ஜோசபின் பேக்கரைவிட நல்ல பாடம் கிடையாது. 1925-ல் பாரிஸைக் கலக்குவதற்கு முன், அமெரிக்க மேடைகளில் குழு நடனத்தின் கடைசி ஆளாக நின்றவர். ஸ்டெப் மறந்தவர் மாதிரி தடுமாறுவார், கண்ணை மாறுகண்ணாக்குவார். கடைசியில் அதே ஸ்டெப்பை மற்றவர்களைவிடப் பிரமாதமாக ஆடிக் காட்டுவார். வரிசை முக்கியம். முதலில் சொதப்பல், பிறகு அசத்தல். மாற்றிச் செய்தால் நிஜமாகவே சொதப்பியது போல இருக்கும். அதனால், முழு ஆட்டமும் தூக்கத்தில் ஆடுற அளவுக்குப் பழகின பிறகுதான் தடுமாறப் பழகணும்.

தடுமாறும்போது முகம் சீரியஸாகவே இருக்கட்டும். உங்க ஜோக்குக்கு நீங்க சிரிச்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்க. சிரிப்பு வந்ததும் அடுத்த ஸ்டெப்புக்கு ஓடாதீங்க. அது பாதி அடங்கட்டும். பாட்டில் இடைவெளி இருக்கும் இடங்களைக் குறிச்சு வெச்சு, அங்கே மட்டும் ரெண்டு மூணு காமெடி போதும். எட்டு வெச்சா அது ஆட்டமே இல்ல, சர்க்கஸ். முன்வரிசை ஆன்ட்டியின் எடை, செகரட்டரி அங்கிளின் வழுக்கை எல்லாம் வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமை லிஃப்ட்டில் அவங்க முகத்தில் முழிக்கணும்.

தோழி இப்போது ‘சரியும் தலைப்பாகை’ காமெடியைப் பிடித்திருக்கிறாள். கெத்தாக ஒரு சுற்று, தலைப்பாகை கண்ணை மறைக்கும், குருடாட்டம் நாலு ஸ்டெப், பாட்டு போடும் பையனிடம் வழி கேட்பாள். நேற்று மொட்டைமாடி ஒத்திகையில் தலைப்பாகை சரியவே இல்லை. விழாமல் இருக்க அவங்க அம்மா எட்டு ஊக்கு குத்தியிருந்தாங்க.