குதிகாலின் காலண்டர்

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வாரமாகக் கொட்டிய மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. விடியற்காலை நாலரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் கிளம்பி, திருவான்மியூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஓடினேன். ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். கையில் இருந்தது ஏழு வாரம். மழையில் இரண்டு லாங் ரன் போய்விட்டிருந்தன. அவற்றை ஈடுகட்டிவிட வேண்டும் என்று அன்று 32 கிலோமீட்டர் ஓடினேன். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நான் ஓடியதில் மிக நீளமானது 24. ஓடும்போது ஒரு வலியும் இல்லை. மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோதுதான் தெரிந்தது. மழையில் நனைந்து வெயிலில் விறைத்த கயிறு மாதிரி, வலது குதிகாலுக்கு மேலே ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்தது.

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு இது பழகிய கதை. ஜனவரிப் பந்தயத்துக்கான பயிற்சி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் உச்சத்துக்கு வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கும் அதே மூன்று மாதம்தான். நடுவில் தீபாவளி. அட்டவணை கிழியாமல் ஒரு சீசனை முடித்தவர் எங்கள் ஓட்டக்குழுவில் யாருமில்லை. கிழிந்த இடத்தை எப்படித் தைக்கிறோம் என்பதில்தான் பல காயங்கள் பிறக்கின்றன.

என் இலக்கு நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பது. எங்கள் பேச்சில் அதற்கு ‘சப்-ஃபோர்’ என்று பெயர். 42.195 கிலோமீட்டரையும் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி வீதம் ஓட வேண்டும். ஏன் நான்கு என்று கேட்டால் உடலியலில் பதில் கிடையாது. இந்தத் தூரமே தற்செயலாக அமைந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ஸர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் அமர்ந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை வகுத்தார்கள். அந்த நீளம் 1921-இல் நிலையான அளவாயிற்று. அதன் மேல் முழு எண்களை ஏற்றி வைத்தது நாம். ஏறத்தாழ 98 லட்சம் மாரத்தான் நேரங்களைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வரைபடத்தில் 3:00, 3:30, 4:00 என்ற கோடுகளுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிந்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள், எல்லாரும் தளரும் கடைசி இரண்டு கிலோமீட்டரிலும் தளராமல் பிடித்து நிற்கிறார்கள். அந்தக் குவியலை நான் மனதார மதிக்கிறேன். நாற்பது கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களிடமிருந்தும் ஓர் எண்ணால் இன்னும் கொஞ்சம் வாங்க முடிகிறது.

என் எண்ணை நான் எடுத்தது ஒரு சூத்திரத்திலிருந்து. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் தந்தது அது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்காது, இரண்டின் 1.06 அடுக்கு, அதாவது 2.085 மடங்கு ஆகும். நான் அரை மாரத்தானை 1 மணி 55 நிமிடத்தில் ஓடியிருந்தேன். பெருக்கினால் 3:59:46. பதினான்கு நொடி மிச்சம். அந்த விடையைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தச் சூத்திரம் குறைந்த தூரங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. மாரத்தானில்தான் சறுக்குகிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸும் எமிலி வெர்டோசிக்கும் 2,300 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை ஆராய்ந்து 2016-இல் எழுதியபடி, பாதிப் பேருக்கு அது உண்மையைவிடப் பத்து நிமிடமோ அதற்கும் மேலோ வேகமான விடையைத் தருகிறது. காரணங்களில் ஒன்று எரிபொருள் கணக்கு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்தச் சுமார் ஒரு கிலோ கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு 2,900-க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோ கலோரிதான். 21 கிலோமீட்டருக்கு அந்த இருப்பு தாராளமாகப் போதும். 42-க்குப் போதாது, கொழுப்பு கைகொடுக்க வேண்டும், அது மெதுவாக எரியும். உடம்பைக் கொழுப்புக்குப் பழக்குவது மாதக்கணக்கான ஓட்டம். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த என் கால்கள் அந்த வேலையை இன்னும் முடித்திருக்கவில்லை. ஆனால் இலக்கு தேதியோடு காத்திருந்தது.

இங்கேதான் உடம்பின் காலண்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் இறைக்கிறது. மூச்சு எளிதாகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. “ஃபிட்டாயிட்டேன்” என்று நாம் சொல்வது இந்த இரண்டையும்தான். எலும்புக்குப் பொறுமை வேறு. புதுச் சுமை வந்ததும் பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. கட்டும் செல்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவே சில வாரம் எலும்பு முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். தூரத்தைக் கூட்டிச் சில வாரம் கழித்து, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போது பாதத்திலும் முழங்காலுக்குக் கீழும் நுண்முறிவுகள் வருவது அதனால்தான்.

எல்லாவற்றிலும் மெதுவானது நாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த கயிறு, அக்கிலீஸ். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு இழுவிசை அதில் ஏறுகிறது. நான்கு மணி நேர மாரத்தானில் ஒரு காலுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் அடி. இந்தக் கயிறு எவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதை அறிய டென்மார்க்கில் கட்யா ஹெய்ன்மெயர் குழுவினர் எடுத்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது. சோதனைகளை நிறுத்திய பின் ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கியது. அந்தக் காற்றை உண்ட செடி, செடியை உண்ட விலங்கு, இரண்டையும் உண்ட மனிதர் என்று எல்லார் உடம்பிலும் அது பதிவாயிற்று. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். 1945-க்கும் 1983-க்கும் இடையே பிறந்தவர்களின் அக்கிலீஸ் நாணை அப்படி அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: நாணின் மையப்பகுதி ஏறத்தாழ பதினேழு வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது, பிறகு அது மாறுவதே இல்லை என்று சொல்லலாம். அவர்களுடைய தசையோ இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

நாற்பத்தாறு வயதில் நான் 32 கிலோமீட்டர் ஓடியது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திரித்து முடித்த கயிற்றின் மேல். தொடர்ந்து பளு கொடுத்தால் அதன் விறைப்பும் தாங்குதிறனும் மாதக்கணக்கில் கூடும். அவசரத்துக்கு மட்டும் அது இசையாது.

எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியை ஓட்டக்குழு எதிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி. மறுபாதிக்கு வழக்கமான 8 வாரம். 2008-இல் வந்த முடிவில் இரு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. 2025-இல் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,205 பேரின் ஓட்டக் கடிகாரப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். வாரக் கூட்டுத்தொகை ஏறியதற்கும் காயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தெரிந்தது வேறொன்று: கடந்த 30 நாள்களில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தை ஒரே ஓட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காய அபாயம் கூடுகிறது. இரட்டிப்புக்கு மேல் தாண்டியவர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

24-லிருந்து 32. மூன்றில் ஒரு பங்கு தாண்டல். நவம்பர் மழைக்கு நான் போட்ட தையல் அது.

ஃபிசியோ முதலில் கேட்டது, “வலிக்கு மார்க் போடுங்க சார், பத்துக்கு எத்தனை?” காலையில் ஆறு, நடக்க நடக்க மூன்று. முழு ஓய்வு சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. ஸ்வீடனில் கரின் சில்பர்னாகல் குழு 38 நோயாளிகளைக் கொண்டு 2007-இல் காட்டியது இது: பயிற்சியின்போது வலி ஐந்தைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால், ஓட்டத்தை அறவே விடாதவர்களும் விட்டவர்களைப் போலவே குணமாகிறார்கள். காயம்பட்ட நாணுக்கு அளவான பளுதான் மருந்து என்ற எண்ணம் இன்னொரு ஸ்வீடன்காரரிடம் தொடங்கியது. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், எலும்பு மருத்துவர், தானும் ஓடுகிறவர். அக்கிலீஸ் வலி தாங்காமல் அறுவை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியைக் கேட்டார். நாண் அறுந்தால் பார்க்கலாம் என்று மறுத்துவிட்டார் அவர். அறுந்துபோகட்டும் என்றே ஆல்ஃப்ரெட்சன் குதிகாலைப் படியிலிருந்து கீழே இறக்கும் பயிற்சியை வெறியோடு செய்தார். வலி போய்விட்டது. பிறகு பதினைந்து பேருக்கு அதையே பன்னிரண்டு வாரம் கொடுத்து 1998-இல் வெளியிட்டார். ஒரு நாளைக்கு 180 முறை. எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் காலையும் மாலையும் நான் எண்ணியதும் அதே கணக்குதான்.

அந்த வாரங்களில் வலியைவிட அதிகம் வதைத்தது பயம். சேர்த்ததெல்லாம் கரைகிறதே என்ற பயம். எட்வர்ட் கோயில் 1984-இல் அளந்தபடி, நன்கு பயிற்சி பெற்றவர்கள் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினாலும் மூன்று வாரத்தில் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் ஏழு சதவீதம்தான் குறைகிறது. அதிலும் முதலில் போவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. போன வேகத்திலேயே அது திரும்பவும் வரும். நீச்சல்குளத்தின் ஆழத்தில் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு ஓடினால் நான்கு வாரம் வரைக்கும் வேகத்தைக் காப்பாற்ற முடியும் என்றும் சோதித்திருக்கிறார்கள். பந்தய நேரம் மட்டும் பழையபடி இருக்காது. அயர்லாந்தில் பாரி ஸ்மித் குழுவினர் லட்சக்கணக்கான ஓட்டப் பதிவுகளில் பார்த்தது: ஒரு வாரத்துக்குக் குறைந்த இடைவெளி பெரிதாகப் பாதிப்பதில்லை; அதற்கு மேல் போனால் முடிக்கும் நேரம் 5 முதல் 8 சதவீதம் நீள்கிறது. நான்கு மணி நேரக்காரருக்கு 12 முதல் 19 நிமிடம். இரண்டு வார மழைக்குப் பிறகு நான் திருத்தியிருக்க வேண்டியது அந்த எண்ணை. 4:15 என்று எழுதிவிட்டு அந்த ஞாயிறு 26 கிலோமீட்டரோடு திரும்பியிருக்கலாம். இலக்கை நடுவழியில் மாற்றுவதை எங்கள் குழுக்களில் பின்வாங்கல் என்று பார்க்கிறோம். அதை ஒரு திறமையாகக் கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஜனவரியில் நான் ஓடவில்லை. 35ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையில் நின்றேன். இருட்டில் தொடங்கிய பந்தயம் அங்கே வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வெப்பம் கூடக்கூட மெதுவாக ஓடுபவர்கள்தான் அதிகம் பின்தங்குகிறார்கள். வெயிலில் அதிக நேரம் இருப்பவர்களும் அவர்களே. நான்கு மணி நேரக் கொடியை ஏந்தி, அந்த வேகத்தில் ஓடி வழிகாட்டும் பேசர் கடந்தபோது அவருடன் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பின்னாலேயே சட்டையில் உப்புக் கோடுகளோடு பலர் நடந்து வந்தார்கள். ஸ்மித்தின் இன்னொரு கணக்கில், கடைசிக் கட்டத்தில் இப்படிச் ‘சுவரில் மோதுபவர்கள்’, அதாவது சட்டென்று தளர்ந்துபோகிறவர்கள், ஆண்களில் 28 சதவீதம், பெண்களில் 17. தொடக்கத்தில் கொடியை விடாமல் துரத்துவதன் விலை அது. முப்பது வயதிருக்கும் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, பெயின் கில்லர் ஏதாச்சும் இருக்கா? போட்டுட்டு ஓடிருவேன்” என்றார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வலியின் மார்க்கையும் மறைத்துவிடும். “இல்ல தம்பி. ஆரஞ்சு சாப்பிடு, நடந்தே போ, நேரம் இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நடந்து போனார்.

படிக்கட்டில் பன்னிரண்டு வாரம் முடிந்து, நடையும் ஓட்டமுமாக மூன்று கிலோமீட்டரில் மறுபடி தொடங்கினேன். இப்போது காலையில் குதிகாலுக்கு மார்க் ஒன்று, சில நாள் பூஜ்யம். நாளை ஞாயிறு. கடந்த 30 நாளில் நான் ஓடியதில் மிக நீளமானது 13 கிலோமீட்டர். நாளைக்கு 14.