சர்க்கரை நோயாளியும் ரமலான் நோன்பும்



ரமலான் நெருங்கும்போது பள்ளிவாசல் இமாம்களைத் தேடி ஆண்டுதோறும் வரும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரை இருக்கிறது; நோன்பு வைக்கலாமா?” கேட்பவர் பெரும்பாலும் ‘வைக்கலாம்’ எனும் பதிலை எதிர்பார்த்தே வருகிறார். அவர் இளமை முதல் ஒரு நோன்பையும் விடாதவராக இருப்பார். பேரப்பிள்ளைகள் நோன்பிருக்கும் வீட்டில் தாம் பகலில் உண்பதை நினைத்தாலே கூசுவார். அந்த ஆசை போற்றத்தக்கது. ஆயினும் அவருக்குரிய பதிலில் பாதி ஃபிக்ஹ் நூல்களிலும் மறுபாதி அவருடைய உடலிலும் இருக்கிறது.

நோன்பைக் கடமையாக்கும் அல்பகரா அத்தியாயத்தின் வசனத் தொடரிலேயே (184, 185) நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். கடமையைத் தந்தவனே சலுகையையும் தந்தான் என்றிருக்க, முன்னதை ஏற்று பின்னதை ஏற்க மறுப்பது பேணுதல் ஆகாது. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் கல்லடிபட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதியில்லை என்றார்கள் அவர்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் அந்தப் பதிலைச் சொன்னவர்கள் மீது கடுமையாகச் சினந்தார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். ‘ஒன்றும் ஆகாது, அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நோன்பு வையுங்கள்’ என்று நோயாளிக்குத் துணிந்து தீர்ப்புச் சொல்லும் உறவினர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப்பார்க்கட்டும்.

உடலில் நடப்பது என்ன? உணவு நின்ற சில மணி நேரத்திற்குப் பிறகு ஈரல் தன்னிடம் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஆரோக்கியமானவரின் உடல் அதற்கேற்ப இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசியாகப் போட்ட இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ அப்படிக் குறைந்துகொள்வதில்லை. நோயாளி பட்டினியாக இருந்தாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எனவேதான் அஸருக்குப் பிறகு பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஒரே நோயுடைய இருவரில் ஒருவரை மருத்துவர் அனுமதிப்பதும் மற்றவரைத் தடுப்பதும் இதனால்தான்.

2001-ல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிய நிகழ்வுகள் ரமலானில் முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியிருந்ததை அது காட்டியது.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, ‘சாப்பிடத்தானே இல்லை, மருந்து எதற்கு?’ என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஈரல் விடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஆளின்றி அது ஏறிக்கொண்டே போகும். முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும். மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் எப்படி மாற்றுவது, எவ்வளவு குறைப்பது என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

நோன்பு வைக்க அனுமதி பெற்றவர் பகலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். அதனால் நோன்பு முறியாது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், உணவாகப் பயன்படாத ஊசி மருந்துகளும் நோன்பை முறிப்பதில்லை என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் ஜித்தாவில் கூடித் தீர்மானித்திருக்கிறது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். கருவி கையில் இல்லாவிட்டாலும் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் கண்டால் காத்திருக்கக் கூடாது.

மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பார் அவர். அந்தப் பத்து நிமிடத்திலேயே நினைவு தப்பிவிடக்கூடும். தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இவ்வாறு தக்க காரணத்தோடு முறித்த நோன்புக்குக் கஃப்பாரா இல்லை, களா மட்டுமே. வாப்பாவின் பேச்சு குழறுவதை முதலில் கவனிக்கப்போவது வீட்டார்தாம். எனவே இந்த எண்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இஃப்தார் பற்றியும் ஒரு சொல். நோன்புக் கஞ்சியில் குற்றம் இல்லை. அது ஒரு கோப்பையோடு நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. அரிசிக் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத் எல்லாம் ஒன்றாக உள்ளே போனால் தராவீஹுக்கு நிற்கும்போது சர்க்கரை எங்கேயோ போயிருக்கும். ஓரிரு பேரீச்சம்பழம், தண்ணீர், அளவான கஞ்சி இவற்றோடு தொழுகைக்கு எழுந்துவிடலாம். ஸஹரைப் பிற்படுத்துவது சுன்னத்; நோயாளிக்கு அதில் மருத்துவப் பயனும் இருக்கிறது. நள்ளிரவில் உண்டுவிட்டுப் படுப்பவரின் பட்டினி நேரம் வீணாக நீள்கிறது. அந்த வேளையில் வெறும் சோற்றைக் குறைத்து முட்டை, பருப்பு, காய்கறியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நோன்பு வைக்கவே கூடாது என்று மருத்துவர் தடுத்தவருக்கு இரு நிலைகள் உண்டு. பின்னர் வைக்க இயலும் என்றிருந்தால் களா செய்ய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பகல் குறுகியிருக்கும். அப்போது மருத்துவர் அனுமதித்தால் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளலாம். இனி எப்போதும் இயலாது என்பவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற கணக்கில் ஃபித்யா கொடுப்பார். அதன் அளவு ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வேறுபடுவதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்க வருவோர், மருத்துவர் இறுதியாக எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுவந்தால் பதில் சொல்வது எளிதாகும்.