விட்ட தொழிலை மீண்டும் தொடுவோர்க்கு

நீந்தக் கற்றவன் நீச்சலை மறப்பதில்லை என்று நம்மிடையே கூறுவது வழக்கம். எரிவாயுவும் நீராவியும் பேரழுத்தத்துடன் பாயும் குழாய்களை இணைக்கின்ற வெல்டிங் தொழிலுக்கும் இக்கூற்று பொருந்துமா என்பதே இன்று நாம் ஆராயப்புகும் பொருள்.

குஜராத்தில் ஹஜீரா, ஜாம்நகர், ஒடிசாவில் பாராதீப் போன்ற இடங்களில் எரிவாயு நிலையங்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இருப்பதை அன்பர்கள் அறிவர். அத்தகைய ஓர் ஆலையில் பத்தாண்டுகள் குழாய் வெல்டராக உழைத்த தமிழர் ஒருவர், குடும்பச் சூழ்நிலையால் அத்தொழிலை விட்டு, சூரத்தில் சிற்றுண்டிக் கடை ஒன்றை ஏழாண்டுகள் நடத்தினார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வருவாய் குன்றவே, பெட்டியின் அடியிலிருந்த பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுச் செல்கிறார். அச்சான்றிதழ் இனிச் செல்லாது என்று கூறிவிடுகின்றனர். அவர் மனம் புண்படுவது இயல்பே. ஆயினும் அம்மறுப்பில் அவமதிப்பு ஏதும் இல்லை.

நன்கு அமைந்த இணைப்பும் பழுதுற்ற இணைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். மேற்புறம் மீன்செதில் போல் அழகாக இருக்க, உள்ளே அடிப்பாகம் உருகி ஒன்றாமல் நின்றிருக்கலாம். கசடோ காற்றுக்குமிழோ சிக்கியிருக்கலாம். அக்குறை பின்னொரு நாள் பிளவாகி, எரிவாயு கசிந்தால், தீங்கு அக்குழாயோடு நில்லாது. அருகே பணிபுரிவோரையும் தாக்கும். ஆகவே செய்த வேலையை ஆராய்வது மட்டும் போதாது. செய்யும் கையையும் அவ்வப்போது ஆராய்ந்தாக வேண்டும்.

நம் நாட்டு ஆலைகள் பலவற்றில் கைக்கொள்ளப்படுவது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு. அதன் ஒன்பதாம் பகுதியின்படி, ஒரு வெல்டர் ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேல் ஒரு முறையில் வேலை செய்யாதிருந்தால், அம்முறையில் அவர் பெற்ற தகுதி காலாவதியாகிவிடும். அதே நிறுவனத்தில் இருப்பவர் ஒரே ஒரு சோதனைத் துண்டை வெல்டு செய்து தேறினால், அம்முறையில் முன்பிருந்த தகுதி முழுவதும் மீளும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். அத்தொகுப்பின்படி, தன் வெல்டர்களின் தகுதியை உறுதிசெய்யும் பொறுப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரியது. எனவே புதிய நிறுவனத்தில் சேர்பவர் பெரும்பாலும் முழுத் தேர்வையே எழுத நேரும். பழைய சான்றிதழ் தேர்வுக்கு ஈடாகாது. அனுபவத்துக்குச் சாட்சியாக மட்டும் நிற்கும். கொதிகலன், நீராவிக் குழாய் வேலைகளுக்கோ 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகள் தனித் தேர்வையே வகுத்தன. ஆகவே எந்த விதியின் கீழ், எந்த முறையில் தேர்வு என்பதை முதலிலேயே கேட்டறிதல் நன்று.

குழாய் வெல்டர்களுக்குப் பெரும்பாலும் நடைபெறுவது 6ஜி எனப்படும் தேர்வு. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவர். வெல்டர்தாம் அதைச் சுற்றி வந்து, கீழும் பக்கமும் மேலும் வேலையை முடிக்க வேண்டும். பின்னர் கண்ணால் பார்ப்பர்; அதன்மேல் எக்ஸ்ரே எடுப்பர், அல்லது துண்டுகளாக அறுத்து இலாட வடிவில் வளைப்பர். வளைத்த பரப்பில் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு காணின் அத்துண்டு தேறாது.

இத்தேர்வுக்குச் செல்லுமுன் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது கண். நாற்பது வயதுக்குப் பின் வெள்ளெழுத்து ஏற்படுவது இயற்கை. தம் கை தளர்ந்துவிட்டது என்று வருந்துவோர் சிலருக்கு உண்மையில் தளர்ந்தது கிட்டப்பார்வையே. உருகும் உலோகக் குளம் தெளிவாகத் தெரியாவிடில், எத்துணைத் தேர்ந்த கையும் வழிதவறும். கண்ணாடி அணிவதாலோ, முகக்கவசத்தினுள் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்துவதாலோ இக்குறை நீங்கும்.

இரண்டாவது, தொழிலில் வந்த மாறுதல். அடிப்பாகத்தையும் ராடு கொண்டே முடித்துப் பழகியவர், இன்று பல இடங்களில் ஆர்கான் வாயுவுடன் டிக் முறையில் அதைச் செய்யும்படி கேட்கப்படுவார். ஒரு முறையில் பெற்ற தகுதி மற்றொன்றுக்குச் செல்லாது. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினின் இடத்தில் இன்வெர்ட்டர் மெஷின் வந்துள்ளமையால், அதன் திருகுகளையும் பழகிக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது ராடு. 7018 போன்ற ராடுகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. அவ்வீரம் இணைப்பில் குமிழையும் வெடிப்பையும் உண்டாக்கும். அவற்றைச் சூட்டடுப்பில் உலர்த்திக் கையாள்வதில் முன்பிருந்த அக்கறையைச் சிறிதும் தளர்த்தலாகாது.

பயிற்சிக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களை அணுகலாம். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்னரே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடும் அமைந்தது. அச்சான்று பயன்தருவதே, எனினும் நிறுவனத்தின் சோதனைத் துண்டுக்கு அது மாற்றன்று. தேர்வே இன்றிக் காசுக்குச் சான்றிதழ் தருவோம் என்பாரை நெருங்கலாகாது. அத்தாளின் பொய்மை முதல் எக்ஸ்ரேயிலேயே வெளிப்படும். வெளிப்படாவிடில் அது அதனினும் பெருந்தீங்கு.

இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். ஏழாண்டுகள் விட்டிருந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு பழகு துண்டுகள் கேட்டுப் பெறுபவர், ஒன்றும் சொல்லாமல் தேர்வுத் துண்டில் கை நடுங்குபவரைக் காட்டிலும் நல்ல நிலையில் இருப்பார். கை முற்றிலும் மறப்பதில்லை. ஆனால் அதற்கு நினைவூட்ட வேண்டும்.

ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவர் செய்த இணைப்பு எது என்பதை அவ்வெண்ணைக் கொண்டே அறிவர். ஆலை இயங்கும் காலமெல்லாம் அக்குழாயின் பொறுப்பில் ஒரு பங்கு அவ்வெண்ணுக்கு உரியது. அதை மீண்டும் பெறுமுன் ஒருமுறை கையைச் சோதித்துக் காட்டுவது, திறமையுள்ள எந்தத் தொழிலாளிக்கும் இழுக்காகாது.