பேட்டரியைத் திட்டாதீங்க பாஸ்!

முதல் பீரியட்லயே இன்டர்னல் டெஸ்ட். அரக்கப் பரக்க ஓடி வந்து பைக்கோட செல்ஃப் பட்டனை அழுத்துறீங்க. 'டிக்... டிக்... டிக்'. அவ்வளவுதான்! உடனே சுத்தி நிக்கிற நண்பர்கள் கோரஸா தீர்ப்பு சொல்வாங்க. "பேட்டரி அவுட்டு மச்சி, மாத்திடு!"

வீட்டுக்கு போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி பணம் வாங்கி, புது பேட்டரியும் போட்டாச்சு. ரெண்டே வாரத்துல மறுபடியும் 'டிக் டிக்'. இப்போ திட்டு வாங்குறது பேட்டரி கம்பெனி! குழாயில தண்ணியே வராதப்போ, குடத்தை மட்டும் மாத்தினா நிரம்புமா?

குழாய் எங்கே இருக்கு?

பேட்டரி வெறும் குடம்தான். இன்ஜினுக்குள்ள இருக்கிற ஸ்டேட்டர் காயிலைச் சுத்தி காந்தம் சுழலும்போது ஏ.சி. கரன்ட் பிறக்குது. அதை டி.சி.யா மாத்தி, அளவோட பேட்டரிக்கு அனுப்புறது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். மெக்கானிக் பாஷையில 'ஆர்.ஆர். யூனிட்'. காயில், ஆர்.ஆர்., பேட்டரி, நடுவுல ஓடுற ஒயர். இந்த நாலுல எது குற்றவாளின்னு கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வெச்சு, பேட்டரியோட ரெண்டு முனையிலும் பிடிங்க.

மூணே ரீடிங்!

* ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, சாவி போடாம அளங்க. வழக்கமான லெட் ஆசிட் பேட்டரின்னா 12.6-க்கு மேல இருந்தா ஃபுல். 12-க்குக் கீழேன்னா காலி.

* செல்ஃப் அடிக்கும்போது பாருங்க. ஃபுல் சார்ஜ்ல இருந்தும் 9.5-க்குக் கீழே சரிஞ்சா, பேட்டரி மேல சந்தேகப்படலாம்.

* இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்க. 13.5 முதல் 14.5 வரை காட்டினா சார்ஜிங் பக்கா. 13-ஐயே தாண்டலைன்னா சார்ஜ் ஏறலை. 15-ஐத் தாண்டினா ஆர்.ஆர். கட்டுப்பாட்டை இழந்துடுச்சு. பேட்டரி கொதிக்கும், பல்பு ஃப்யூஸ் போகும்.

சார்ஜ் ஏறலையா?

முதல்ல காசு செலவில்லாத வேலை. பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், ஃப்யூஸ், ஆர்.ஆர். கனெக்டர் எல்லாத்தையும் பாருங்க. கனெக்டர் கருகி உருகியிருந்தா குற்றவாளி அங்கேயே மாட்டிக்கிச்சு!

அடுத்தது காயில். பல வண்டிகள்ல இதுலேர்ந்து மூணு மஞ்சள் ஒயர் வரும். இன்ஜினை நிறுத்திட்டு கனெக்டரைக் கழட்டுங்க. எந்த ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தா காயில் காலி. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி.க்கு மாத்தி, ரெண்டு ரெண்டு ஒயரா அளங்க. மூணு ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், வேகம் கூடக் கூட ஏறணும். வெறும் கையால ஒயரைத் தொட்டுடாதீங்க, ஷாக் அடிக்கும்! காயிலும் ஒயரும் ஓகேன்னா, மிச்சம் இருக்கிறது ஆர்.ஆர்.தான்.

விளக்கு ஆசை!

எல்லாமே சரியா இருந்தும் பேட்டரி இறங்குதா? நீங்க மாட்டின எக்ஸ்ட்ரா விளக்கைப் பாருங்க. 55 வாட் விளக்கு ரெண்டு சேர்ந்தா 110 வாட். 12 வோல்ட்ல அது 9 ஆம்பியருக்கு மேல! 9 ஆம்பியர்-அவர் பேட்டரியா இருந்தா, இன்ஜின் ஓடாதப்போ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஹாஸ்டல் டு காலேஜ் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுறவங்களுக்கும் இதே கதிதான். செல்ஃப் எடுத்த கரன்ட் திரும்பி ஏறுறதுக்குள்ள கேட் வந்துடும்!

இதைச் செய்யவே கூடாது

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டி 'டெஸ்ட்' பண்றது பழைய காலத்து வித்தை. திடீர்னு வோல்ட்டேஜ் எகிறி, வண்டியோட கம்ப்யூட்டரையே காலி பண்ணிடலாம். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள்தான் அதிகம். பெட்ரோல் பம்ப்புக்கே கரன்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்துட்டா, தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கஷ்டம்தான். ராத்திரி ஹைவேயில நிக்கிறதுக்குப் பதிலா, மாசம் ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பார்த்துடலாமே?

அடுத்த முறை யாராவது "பேட்டரி மாத்திடு மச்சி"ன்னு சொன்னா, "எத்தனை வோல்ட் காட்டுது?"ன்னு திருப்பிக் கேளுங்க. பதில் வரலைன்னா, பர்ஸை உள்ளே வைங்க!