‘சென்ட்’ என்றால் அனுப்புவதா, கொண்டுபோய் விடுவதா?

“அண்ணன் என்னை கேஎல் சென்ட்ரலுக்கு சென்ட் பண்ணினார்.” பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. அண்ணனே காரோட்டி வந்து இறக்கிவிட்டார் என்று நமக்குப் புரியும். ஆனால், இதையே ஆங்கிலத்தில் எழுதினால் வெளிநாட்டவருக்கு, அண்ணன் போகச் சொன்னார், இவர் தனியாகப் போனார் என்றே படும்.

பொது ஆங்கிலத்தில் ‘சென்ட்’ செய்பவர் கூடப் போவதில்லை. கடிதமோ பணமோ ஆளோதான் போகும். கூடவே அழைத்துப் போனால் ‘டேக்’. வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ‘டிராப்’. விமான நிலையத்தில் வழியனுப்பினால் ‘சீ ஆஃப்’. மருத்துவரை ஆள் அனுப்பி வரவழைத்தால் ‘சென்ட் ஃபார்’.

மலாயில் கடிதம் அனுப்புவதும் ‘ஹந்தார்’, பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் ‘ஹந்தார்’. அந்தப் பழக்கம் நம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரிலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

இதில் தமிழே நமக்குக் கைகொடுக்கும். தமிழில் ‘அனுப்பினேன்’ என்று வந்தால் ‘சென்ட்’. ‘கொண்டுபோய் விட்டேன்’ என்று வந்தால் ‘டேக்’ அல்லது ‘டிராப்’. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறோம் என்ற பொருளில் ‘சென்ட்’ சரியே.

நண்பர்களிடையே பழைய பேச்சால் குறையொன்றுமில்லை. ஆனால் விபத்துக்குப் பின் காப்புறுதிப் பாரத்தில், “அம்மாவை மருத்துவமனைக்கு சென்ட் பண்ணினேன்” என்று எழுதினால், வண்டியை ஓட்டியது யார் என்ற கேள்வி எழும். அங்கே ஓட்டியவர் யார் என்பதைத் தெளிவாக எழுதுவதே பாதுகாப்பு.